ஆய்வுக் கட்டுரையில் நம் நோயாளியைத் தேடுவது எப்படி: புற்றுநோய்க்கும் அரிய நோய்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அவளுடைய கட்டியின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். முதலில் வந்த கட்டுரையின் சுருக்கத்திலேயே, இந்த நோயாளிகள் சராசரியாக இத்தனை மாதம்தான் உயிரோடு இருந்தார்கள் என்று ஓர் எண். அதற்கு மேல் படிக்கத் தைரியம் வரவில்லை. மூன்று வாரம் அந்த எண்ணோடுதான் எழுந்தேன், படுத்தேன். பிறகு ஒருநாள் கட்டுரை முழுவதையும் திறந்தபோதுதான் தெரிந்தது, அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு வந்தவர்கள். அக்காவின் கட்டி பரவவே இல்லை. நான் சுமந்துகொண்டிருந்தது வேறு யாருடைய எண்ணையோ.

அந்த மூன்று வாரம் இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மருத்துவம் படிக்காதவர்களும் ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையைப் பயமில்லாமல் படிக்கலாம். கட்டுரையைப் பார்த்து நீங்களே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும் என்பதல்ல நோக்கம். டாக்டருக்கு எதிரில் கிடைக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் சரியான கேள்வி நம் வாயில் வர வேண்டும், அவ்வளவுதான்.

## தேடுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து வரி

"நுரையீரல் புற்றுநோய்" என்று ஒரே ஒரு நோய் கிடையாது. சிறு செல் வகை ஒன்று, சிறு செல் அல்லாத வகை ஒன்று. இரண்டாவது வகையிலேயே ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருப்பவருக்குக் கொடுக்கும் மாத்திரை, அது இல்லாதவருக்குப் பெரும்பாலும் பயன்படாது. ஆகவே நோயின் பொதுப்பெயரைத் தட்டித் தேடினால் கிடைப்பதெல்லாம் பொதுவான பயம்தான்.

ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். முதல் வரி, கட்டியின் முழுப்பெயர், திசு வகையோடு. இரண்டாவது, ஸ்டேஜும் கிரேடும். இவை இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது; கிரேடு என்பது நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பது. மூன்றாவது, சோதித்துப் பார்த்த மரபணு, புரதக் குறியீடுகள். நான்காவது, இதுவரை நடந்த சிகிச்சை, நடந்த வரிசையிலேயே.

ஐந்தாவதை யாரும் எழுதுவதில்லை: நோயாளியின் நடமாட்டம். ஈகாக் என்ற அளவுகோலில் இதை 0 முதல் 5 வரை குறிப்பார்கள். 0 என்றால் நோய்க்கு முன்பு போலவே எல்லாம் செய்கிறார். 1 என்றால் கடின வேலை முடியாது, மற்றபடி நடமாடுகிறார். 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார், சம்பாத்திய வேலை முடியாது, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுவார். 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ. 4 என்றால் முழுக்கப் படுக்கை. 5 இறப்பு. பெரும்பாலான மருந்து ஆய்வுகள் 0, 1 நிலையில் இருப்பவர்களைத்தான் சேர்க்கின்றன. நம் ஆள் 3 என்றால், அந்த ஆய்வின் அழகான முடிவு அவருக்கு அப்படியே பொருந்தாது.

## இது என்ன வகைக் கட்டுரை

தலைப்புக்குக் கீழேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரே நோயாளியின் கதையைச் சொல்வது தனி நோயாளி அறிக்கை. பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டித் தொகுப்பது பின்னோக்கு ஆய்வு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்மானித்து இரண்டு குழுக்களை ஒப்பிடுவது சமவாய்ப்பு ஆய்வு. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது முறையான மீளாய்வு. சக நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட முன்பதிப்பு என்றால் அப்படிக் குறிப்பிட்டிருப்பார்கள்; அதை நம்பி எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

குலுக்கல் ஏன் அவ்வளவு முக்கியம்? பழைய கேஸ் கட்டுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததாகத் தெரியும். ஆனால் அறுவை தாங்கும் உடம்பு இருந்தவர்களுக்குத்தானே அறுவை செய்திருப்பார்கள்? இரண்டாவது அறுவை வரை போனவர்கள் என்றால், அதுவரை உயிரோடு இருந்தவர்கள்தானே அந்தக் கணக்கில் வர முடியும்? பலன் கத்தியினுடையதா, ஏற்கெனவே இருந்த உடல் வலுவினுடையதா என்று பிரிக்கவே முடியாது. குலுக்கல் அந்த வேலையைச் செய்கிறது.

மருந்து ஆய்வில் கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் எவ்வளவு மருந்து தாங்கும் என்று பார்க்கிறது, இரண்டாவது வேலை செய்கிற அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கிறது, மூன்றாவது இப்போதைய சிகிச்சையைவிட மேலா என்று ஒப்பிடுகிறது. முதல் கட்டத்திலேயே கண்ணைப் பறித்த மருந்துகளும் இருக்கின்றன. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப், 2001இல் வெளியான முதல் கட்ட ஆய்விலேயே, 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சரிசெய்தது. ஆனால் அதற்குப் பின்னால் 40 ஆண்டு உழைப்பு இருந்தது. 1960இல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் அந்த நோயில் ஒரு விசித்திரமான குட்டி குரோமோசோமைக் கண்டார்கள். 1973இல் ஜேனட் ரவுலி அது 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் வந்தது என்று காட்டினார். நோயின் வேர் தெரிந்த பிறகு செய்த மருந்து அது. எல்லா முதல் கட்ட ஆய்வையும் இமாட்டினிப் கண்ணோடு பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

## முதல் அட்டவணையில் நம் ஆள் இருக்கிறாரா

என்னிடம் ஒரே ஒரு பக்கத்தைப் படிக்க நேரம் இருந்தால் இதைத்தான் படிப்பேன். முடிவுரையை அல்ல, சுருக்கத்தைக்கூட அல்ல. ஆய்வில் சேர்ந்தவர்களின் வயது, பால், ஸ்டேஜ், முந்தைய சிகிச்சை, ஈகாக் எல்லாம் இந்த அட்டவணையில் வரிசையாக இருக்கும். நீங்கள் எழுதிய ஐந்து வரியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கூடவே, யாரைச் சேர்க்கவில்லை என்ற பத்தியையும் படியுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள், மூளைக்குப் பரவியவர்கள், வேறொரு புற்றுநோய் வந்தவர்கள் என்று ஒரு பட்டியல் அங்கே இருக்கும். நம் ஆள் அந்தப் பட்டியலில் இருந்தால் இந்த ஆய்வு அவரைப் பற்றிப் பேசவில்லை.

எந்த ஆண்டு நோயாளிகள் என்பதையும் பாருங்கள். கட்டுரை போன வருடம் வந்திருக்கும், ஆனால் நோயாளிகள் பதினைந்து வருடம் முன்பு சிகிச்சை பெற்றவர்களாக இருப்பார்கள். அதற்குள் ஸ்கேன் கருவிகளே மாறியிருக்கும். இதில் ஒரு வேடிக்கையான சிக்கலும் உண்டு. புதிய ஸ்கேன் முன்பு தெரியாத சின்னப் பரவலையும் காட்டும்போது, பழைய கணக்கில் மூன்றாம் ஸ்டேஜில் இருந்திருக்கக்கூடியவர் நான்காம் ஸ்டேஜுக்கு நகர்கிறார். மூன்றாம் ஸ்டேஜில் நோய் அதிகமாக இருந்தவர்கள் வெளியேறியதால் அதன் ஆயுள் கணக்கு கூடும். நான்காம் ஸ்டேஜுக்கு ஒப்பீட்டளவில் நோய் குறைவானவர்கள் வந்ததால் அதன் கணக்கும் கூடும். ஒரு நோயாளிகூட ஒரு நாள் கூடுதலாக வாழவில்லை, ஆனால் இரண்டு எண்களும் உயர்ந்துவிட்டன. ஃபைன்ஸ்டைன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1985இல் இதைச் சுட்டிக்காட்டினார்.

## நோயறியும் சோதனை பற்றிய கட்டுரை என்றால்

"99% துல்லியம்" என்று ஒரு சோதனையைப் பற்றிப் படிக்கிறீர்கள். இரண்டு எண்களைத் தனித்தனியாகத் தேடுங்கள். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது குறித்தன்மை. இரண்டும் 99% என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோய் ஒன்று. பத்து லட்சம் பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் நோய் உள்ளவர்கள் 100 பேர். சோதனை 99 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாத 9,99,900 பேரில் ஒரு சதவீதம், அதாவது 9,999 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 10,098 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 99 பேர்தான். ஏறத்தாழ நூறில் ஒருவர்! "99% துல்லியமான சோதனையில் பாசிட்டிவ்" என்று காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழும் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த நோய் இல்லை.

அதே சோதனையை ஒரு நிபுணரின் அறையில் வைத்துப் பாருங்கள். அறிகுறிகளைப் பார்த்து, "இது அதுவாக இருக்கலாம்" என்று அவர் சந்தேகிப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்போம். ஆயிரம் பேரில் 100 பேருக்கு நோய், 99 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 900 பேரில் 9 பேருக்குத் தவறான பாசிட்டிவ். இப்போது பாசிட்டிவ் வந்த 108 பேரில் 99 பேருக்கு, அதாவது 92 சதவீதத்தினருக்கு, நோய் உண்மை. சோதனைக் குழாய் அதேதான், வாசலில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள். டாக்டர் கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது "சீக்கிரம் டெஸ்ட் எழுதிக் கொடுங்களேன்" என்று அவசரப்படாதீர்கள். அந்தக் கேள்விகள்தான் டெஸ்ட்டுக்கு அர்த்தம் கொடுக்கின்றன.

இன்னொன்று. சோதனையை யாரிடம் முயன்றார்கள்? முற்றிய புற்றுநோயாளிகளையும் திடகாத்திரமான இளைஞர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தச் சோதனையும் நன்றாக வேலை செய்யும். சிஇஏ என்ற ரத்தச் சோதனைக்கு இதுதான் நடந்தது. 1960களின் இறுதியில் பெருங்குடல் புற்றுநோயைக் கிட்டத்தட்டத் தவறாமல் காட்டும் என்ற நம்பிக்கையோடு அது வந்தது. ஆரம்ப நிலை நோயாளிகளிடமும், வேறு குடல், கல்லீரல் கோளாறு உள்ளவர்களிடமும் பார்த்தபோது அந்த நம்பிக்கை சரிந்தது. இன்று அது ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் கண்காணிக்கத்தான் முக்கியமாகப் பயன்படுகிறது. ரத்தத்துளியிலேயே பல புற்றுநோய்களைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு சிஇஏ ஞாபகம் வரும்.

## "முன்கூட்டியே கண்டுபிடித்தால் பிழைக்கலாம்" என்னும் இடத்தில் நிதானம்

இதைப் பல இடங்களில் உண்மை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் தானாகவே உண்மையாகிவிடாது. ஓர் உதாரணம். இரண்டு அண்ணன் தம்பிகள், ஒரே நோய், இருவரும் 70 வயதில் இறக்கிறார்கள். அண்ணனுக்கு 67 வயதில் இருமலோடு நோய் தெரிந்தது. தம்பிக்கு 62 வயதிலேயே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. நோய் தெரிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தாரா என்று பார்க்கும் "ஐந்தாண்டு உயிர்வாழ்வு" கணக்கில் அண்ணன் தோற்றவர், தம்பி வென்றவர். இருவரும் வாழ்ந்தது அதே எழுபதுதான். தம்பி ஐந்து வருடம் கூடுதலாக நோயாளியாக இருந்தார். ஆகவே பரிசோதனைத் திட்டம் பற்றிய கட்டுரையில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு சதவீதத்தை நம்பாதீர்கள். அந்த நோயால் இறந்தவர்கள் குறைந்தார்களா என்பது ஒன்றுதான் கேள்வி.

தென் கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு ஸ்கேன் அந்தத் திட்டத்தில் இல்லை என்றாலும், குறைந்த செலவில் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைவிட 15 மடங்கு. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம்? மாறவில்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராமல் இருந்திருக்கும் சின்னஞ்சிறு கட்டிகளுக்காக ஏராளமானோர் தைராய்டு சுரப்பியை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து சினைப்பைப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆய்வு நடந்தது. ரத்தச் சோதனையோடு தொடங்கிய குழுவில் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டவர்கள் கூடினார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் 2021இல் வந்த இறுதி முடிவில் இறப்பு குறையவில்லை. இந்த முடிவைப் படித்தபோது எனக்குத் துக்கமாகவே இருந்தது. அந்த நோயால் யாரையாவது இழந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். இருந்தும், இருபது ஆண்டு பொறுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார்களே, அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன்.

வென்ற ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் பல்லாண்டு அதிகமாகப் புகைத்த, 55 முதல் 74 வயது வரையிலான 53,454 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், மறு பாதிக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். 2011இல் வந்த முடிவில், சி.டி. குழுவில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20% குறைந்திருந்தது. இந்த 20 சதவீதத்தை அப்படியே விழுங்காதீர்கள். ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்று இறப்புகள் குறைந்தன. மூன்று உயிர் சின்ன விஷயமல்ல. ஆனால் அதே ஆய்வில், சி.டி.யில் சந்தேகமாகத் தெரிந்தவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோயே அல்ல. இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது முழு உண்மை. எந்தக் கட்டுரையிலும் "இத்தனை சதவீதம் குறைந்தது" என்று பார்த்தவுடன், "ஆயிரத்தில் எத்தனை பேருக்கு?" என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

## எதை அளந்தார்கள்

மருந்து "பலன் தந்தது" என்றால் என்ன பலன்? ஸ்கேனில் கட்டி சுருங்கியதா, நோய் மேலும் முற்றாமல் இருந்த காலம் நீண்டதா, ஆள் நீண்ட நாள் வாழ்ந்தாரா? மூன்றும் மூன்று. பெரும்பாலான ஆய்வுகளில் குறிப்பிட்ட கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அது 30 சதவீதமாவது குறைந்தால் "பகுதிப் பலன்" என்றும், 20 சதவீதமாவது கூடினால் "முற்றியது" என்றும் வகுக்கிறார்கள். நடுவில் இருப்பது "நிலையாக உள்ளது".

பெவாசிசுமாப் மருந்தின் கதையைக் கேளுங்கள். பரவிய மார்பகப் புற்றுநோயில், கீமோவோடு இதைச் சேர்த்தபோது, நோய் முற்றாமல் இருந்த காலம் 5.9 மாதத்திலிருந்து 11.8 மாதமாயிற்று. இரட்டிப்பு! 2008இல் அமெரிக்க மருந்து ஆணையம் துரித அனுமதி கொடுத்தது. ஆனால் மொத்த ஆயுளில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை, பின்னால் வந்த ஆய்வுகளும் அந்தப் பெரிய பலனைக் காட்டவில்லை, பக்கவிளைவோ கடுமை. 2011இல் மார்பகப் புற்றுநோய்க்கான அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். நோயாளிகள் பலர் எதிர்த்து நின்றார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்கேனில் கட்டி சும்மா இருப்பதைப் பார்ப்பதே ஒரு நிம்மதி என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

## படிக்கட்டு போல இறங்கும் அந்தக் கோடு

புற்றுநோய்க் கட்டுரைகளில் இடமிருந்து வலமாகப் படிப்படியாக இறங்கும் வரைபடம் ஒன்று இருக்கும். 1958இல் கப்லானும் மையரும் வகுத்த முறை. முதலில் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். பழகிவிட்டால் கட்டுரையிலேயே அதிகம் பேசுவது அதுதான்.

ஒரு ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் அச்சில் 50% என்ற இடத்தில் கிடையாக வைத்துக் கோட்டைத் தொடுமிடத்திலிருந்து கீழே இறங்குங்கள். அதுதான் இடைநிலை ஆயுள்: பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள். இப்போது ஸ்கேலைத் தள்ளிவிட்டு வலது கோடியைப் பாருங்கள். கோடு தரையைத் தொடுகிறதா, அல்லது ஓர் உயரத்தில் தட்டையாகப் போகிறதா? தட்டையாகப் போனால் ஒரு சிலர் பல்லாண்டு வாழ்கிறார்கள் என்று பொருள். அந்த வாலைப் பார்த்துத்தான் நம்பிக்கையோ நிதானமோ வர வேண்டும்.

அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982இல், நாற்பது வயதில், வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய். இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று நூலகத்தில் படித்தார். எண்களோடு வாழ்ந்தவர் என்பதால் உடனே கேட்டார்: பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் என்றால், மீதிப் பாதி எவ்வளவு தூரம் நீள்கிறது? வயது, ஆரம்ப நிலை, நல்ல சிகிச்சை என்று தான் எந்தப் பாதியில் இருக்க வாய்ப்பு என்று யோசித்தார். அதன் பிறகு இருபது ஆண்டு வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. எட்டு மாதம் என்பது தவணைத் தேதி அல்ல, ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளி.

வரைபடத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரிசை எண்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் கணக்கில் மீதமிருப்பவர்கள் எத்தனை என்பது. 60, 41, 19, 6, 2 என்று போகிறது என வைத்துக்கொள்வோம். கடைசிப் பகுதியில் கோடு எவ்வளவு அழகாகத் தட்டையாக இருந்தாலும் அதைத் தாங்கி நிற்பவர்கள் இரண்டே பேர். அடுத்த மாதம் ஒருவர் இறந்தால் கோடு பாதிக்கு விழும்.

## அரிய நோய் என்றால் கணக்கே வேறு

ஐரோப்பாவில் இரண்டாயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவதை அரிய நோய் என்கிறார்கள். அமெரிக்காவில் நாட்டில் மொத்தம் இரண்டு லட்சம் பேருக்கும் குறைவாக இருந்தால். புற்றுநோயில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாகப் புதிதாக வருவதை அரிய வகை என ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்தார்கள். தனித்தனியாக அரிது, சேர்த்துப் பார்த்தால் ஐரோப்பாவில் ஐந்தில் ஒரு புற்றுநோய் இந்த வகை. உங்கள் வீட்டில் மட்டும் ஏன் என்று நினைக்காதீர்கள். அந்த வரிசை நீளமானது.

இங்கே ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்க முடியாது. 20 பேரில் 12 பேருக்குப் பலன், 60% என்று எழுதியிருப்பார்கள். பக்கத்தில் நம்பக இடைவெளி என்று இரண்டு எண்கள் இருக்கும். ஏறத்தாழ 36 முதல் 81 வரை. அதாவது உண்மை மூன்றில் ஒன்றாகவும் இருக்கலாம், ஐந்தில் நான்காகவும் இருக்கலாம். "20 பேரில் ஒருவருக்கும் கடும் பக்கவிளைவு இல்லை" என்பதற்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: மூன்றை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 3/20, அதாவது 15 சதவீதம் வரை அந்தப் பக்கவிளைவு இருந்தும்கூட, இந்த இருபது பேரிடம் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

சின்ன ஆய்வு என்பதற்காகத் தள்ளிவிடவும் வேண்டாம். லாம் என்ற, பெரும்பாலும் பெண்களின் நுரையீரலைத் தாக்கும் அரிய நோயில், 89 பேரை மட்டும் வைத்துக் குலுக்கல் போட்டு, சிரோலிமஸ் மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2011இல் முடிவு வந்தது. மருந்து எடுத்த ஓராண்டில் மூச்சுத்திறன் குறைவது நின்றது, நிறுத்தியதும் மறுபடி குறையத் தொடங்கியது. இந்த இரண்டாவது பாதிதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. லாரோட்ரெக்டினிப் மருந்துக்கு வேறு வழி: கட்டி எந்த உறுப்பில் என்று பார்க்காமல், என்டிஆர்கே மரபணு இணைவு, அதாவது அந்த மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்ட மாற்றம், உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்கள். நான்கு மாதக் குழந்தை முதல் 76 வயது வரை 55 பேர், 17 வகைக் கட்டிகள். 75 சதவீதத்தினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது; 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமலே இதை ஏற்றார்கள் என்றால், மாற்று வழி ஏதும் இல்லாதவர்களிடம் இவ்வளவு கட்டி தானாகச் சுருங்காது என்பதால்தான்.

மரபணு ரிப்போர்ட்டில் "முக்கியத்துவம் உறுதியில்லாத மாற்றம்", அதாவது நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் தெரியாத மாற்றம், என்று வந்தால் அது நோயறிதல் அல்ல. அதை வைத்து அறுவைக்கோ, குடும்பத்தில் மற்றவர்களைச் சோதிக்கவோ ஓடாதீர்கள். தகவல் சேரச் சேர இவற்றை மறுவகைப்படுத்துவார்கள், பெரும்பாலானவை தீங்கற்ற பக்கம்தான் போகின்றன. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை "மறுபடி பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். நோயாளிப் பதிவேடு இருந்தால் சேருங்கள். அரிய நோயில் இன்னொரு வீட்டுக்கு ஒரு நல்ல எண் கிடைக்க வேண்டுமென்றால் நம் வீட்டு எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

## அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன

பக்கவிளைவு அட்டவணையில் 1 முதல் 5 வரை கிரேடு இருக்கும், 5 என்றால் இறப்பு. எல்லோரும் 3, 4ஐத்தான் பார்க்கிறார்கள். வருடக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையில் கிரேடு 2 வயிற்றுப்போக்கு தினமும் இருந்தால் வாழ்க்கையே அதுதான். அந்த வரியையும் படியுங்கள். வாழ்க்கைத்தரம் பற்றி நோயாளிகளிடமே கேட்டு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்காத ஆய்வு எனக்கு அரை ஆய்வுதான்.

இது மனிதாபிமானம் சார்ந்த கூடுதல் வேலை என்று நினைக்க வேண்டாம். பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு குழு தன் வலி, வாந்தி, மூச்சுத்திணறலை இணையத்தில் தொடர்ந்து பதிவு செய்தது. அறிகுறி கடுமையானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மறு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் வெளியான முடிவில் பதிவு செய்த குழுவின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மறு குழுவுக்கு 26. புது மருந்து ஏதுமில்லை, சொன்னதைக் கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு முன் 2010இல், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில், வலி தணிப்புப் பராமரிப்பை ஆரம்பத்திலேயே சேர்த்தவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது, இடைநிலை ஆயுளும் 8.9க்குப் பதில் 11.6 மாதம். "அது கடைசிக் காலத்துக்கு" என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வை எடுத்துக் காட்டுங்கள்.

## பணமும் பதிவும்

ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். மருந்து நிறுவனம் கொடுத்தால் பொய் என்றில்லை. ஒப்பிட்ட சிகிச்சை இன்றைய நல்ல சிகிச்சைதானா என்று மட்டும் கூர்ந்து பாருங்கள். முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல், ஆள் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத ஆய்வுகளை ஏற்பதில்லை என்று விதி வைத்தன. கட்டுரையில் இருக்கும் பதிவெண்ணைத் தேடி, ஆரம்பத்தில் எதை முதன்மை அளவாகச் சொன்னார்கள், கட்டுரையில் எதைச் சொல்கிறார்கள் என்று ஒப்பிடலாம். மாறியிருந்தால் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

## டாக்டரிடம் போகும்போது

ஒரு கட்டுரை, ஒரு தாள். முப்பது கட்டுரைகளை அச்செடுத்துக் கட்டாகக் கொண்டுபோனால் யாராலும் படிக்க முடியாது. தாளின் மேல்பாதியில் உங்கள் ஐந்து வரி, கீழ்ப்பாதியில் மூன்று கேள்விகள். இந்த ஆய்விலிருந்தவர்கள் இவரைப் போன்றவர்களா? இவரைப் போன்ற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது கூடுதலாக உதவும், எத்தனை பேருக்குத் தொந்தரவு தரும்? இவருக்குப் பொருந்தும் ஆய்வு ஏதாவது இப்போது ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறதா? பயாப்ஸியை அந்த அரிய வகையை அடிக்கடி பார்க்கும் இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கலாமா என்றும் தயங்காமல் கேளுங்கள். அரிய கட்டிகளில் இரண்டாவது பார்வையில் பெயரே மாறுவதுண்டு, பெயர் மாறினால் நீங்கள் தேட வேண்டிய கட்டுரையும் மாறும்.

அக்காவின் டாக்டரிடம் நான் அந்தப் பழைய கட்டுரையைத்தான் கொண்டுபோனேன். அவர் சுருக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக முதல் அட்டவணைக்குப் போய், ஸ்டேஜ் என்ற வரியில் பேனாவை வைத்து, "இதுல உங்க அக்கா எங்கேம்மா இருக்காங்க?" என்று கேட்டார். நான் என் தாளைப் பார்த்தேன். அந்த வரியில் அவளுக்கு இடமே இல்லை. அவர் கட்டுரையை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, அவளைப் போன்றவர்களைப் பற்றிய வேறொரு கட்டுரையின் பெயரை எழுதிக் கொடுத்தார்.